ரப்பர் ஏறாத வண்டி

என் 2006ஆம் வருஷத்து டைரியில் ஆகஸ்ட் 14, திங்கட்கிழமைப் பக்கத்தில் நான்கு வரிகள் இருக்கின்றன. முதல் மூன்று வரிகள் மின்வெட்டு, மகளின் பள்ளிக்கூடம், பல்வலி பற்றியவை. நான்காவது வரி இது: "அயர்னிங் யூனிட் வேனில் முன் சக்கர பிரேக் ஹோஸ் இரண்டும் புதிது. ஸ்டீல் பின்னல். அயர்ன் டேபிள் ஹோஸ் போலவே இருக்கிறது. கேட்க வேண்டும்."

கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து, அந்த வேனை ஓட்டிய சேவியருக்குக் குடிகார டிரைவர் என்ற பெயர் வந்தது; அந்த மாத முடிவில் அதே பெயரோடு திருப்பூரை விட்டுப் போனார். சேவியர் குடிப்பவர் இல்லை. அவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்த மனிதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் அயர்னிங், பேக்கிங் யூனிட் நடத்தியவர். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் தைத்து அனுப்புகிற பனியன்களை இஸ்திரி போட்டு, மடித்து, பாலிதீன் பையில் போட்டுக் கொடுக்கிற தொழில். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் அவருக்குக் கேடு வரும் என்று பயந்து அல்ல. தன் பெயரை அச்சில் பார்த்தால் சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை. நான் அப்போது வெளிநாட்டுக்காரர்களுக்காகச் சரக்கு வாங்குகிற ஒரு பையிங் ஆபீஸில் க்யூசி, அதாவது தரம் பார்க்கிறவன். யூனிட் யூனிட்டாகப் போய் பீஸ்களைப் பிரித்துப் பார்த்து, கறை, தையல், அளவு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. வேலைக்கு ஒரு ரிப்போர்ட் நோட்டு, எனக்கென்று ஒரு டைரி. இரண்டையும் தேதி விடாமல் எழுதினேன்.

அவர் யூனிட்டுக்குப் போகிற யாரும் முதலில் அவருடைய காரில் உட்கார வேண்டும். எங்கேயும் போவதற்காக அல்ல. கார் நின்ற இடத்திலேயே நிற்கும். ஊரில் ஆயிரம் பேர் வைத்திருக்கிற அதே சின்ன வெள்ளைக் கார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

"மிதிங்க சார். இன்னும் நல்லா மிதிங்க. எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குதுங்க."

"நல்லான்னா எப்படிங்க? கல்லு மாதிரி இருக்குதுங்களா?"

"கல்லு மாதிரி இருக்குதுங்க."

அதற்குப் பிறகுதான் டீ வரும்.

இஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து தடவை மிதித்தால் அந்த மாதிரி எந்தக் காரிலும் பெடல் கல்லாகத்தான் ஆகும். இஞ்சின் ஓடினால்தான் காலுக்கு உதவி கிடைக்கும்படி செய்திருக்கிறார்கள். இது மெக்கானிக் கடையில் டீ வாங்கி வருகிறவனுக்கும் தெரியும். இவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்டு வந்தவர்கள் மிதித்தார்கள். சர்ச்சிலிருந்து வந்த பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிதித்தார். மகளைப் பெண் பார்க்க வந்த வீட்டாரில் மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டியோடு மிதித்தார். "பொண்ணைப் பாக்க வந்தவங்க பெடலைப் பாத்துட்டுப் போயிட்டாங்க" என்று பேக்கிங் செக்சனில் பல நாள் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. பெடல்தான் காரணம் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை.

விஷயம் இதுதான். பிரேக்கை மிதித்தால் எண்ணெய் இரும்புக் குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. சக்கரம் திரும்பும், மேலும் கீழும் குதிக்கும் என்பதால் கடைசி ஒரு முழத்துக்கு வளைகிற ஹோஸ் வைத்திருப்பார்கள். கம்பெனியில் வருவது ரப்பர். அதைக் கழற்றிவிட்டு மேலே எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் மாட்டிக்கொள்வது பந்தயக் கார்க்காரர்களின் வழக்கம். மிதிக்கும்போது ரப்பர் கொஞ்சம் உப்பும், பின்னல் உப்பாது, அதனால் பெடல் இறுக்கமாக இருக்கும். அவர் இதை 2005இல் ஒரு பிரவுசிங் சென்டரில் கண்டுபிடித்தார். இருபது முப்பது தாள் பிரின்ட் எடுத்து, ஒரு பையரின் ஏஜென்ட் மூலமாக வெளிநாட்டிலிருந்து தன் காருக்கு நான்கு ஹோஸ் வரவழைத்தார். கூட வந்த சான்றிதழை லேமினேட் செய்து, ஆபீஸில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அந்த வருஷத்து ஆயுத பூஜை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் வண்டியைக் கழுவி மாலை போடுவார்கள். இவர் காரை ஜாக்கியில் தூக்கி நான்கு சக்கரங்களையும் கழற்றி வைத்திருந்தார். வந்தவர்கள் குனிந்து பார்க்க வேண்டும் என்பதற்காக. நான்கு ஹோஸுக்கும் சந்தனம், குங்குமம், ஒவ்வொன்றிலும் ஒரு செவந்திப் பூ. ஐயர் கற்பூரத் தட்டைச் சக்கரம் இல்லாத ஓட்டைக்குள் காட்டினார். பின்பக்கம் ஷெட்டில் நின்ற வேனை யாரும் நினைக்கவில்லை. கடைசியில் சேவியர்தான் மிச்சமிருந்த குங்குமத்தை எடுத்து அதன் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தார். வள்ளியூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். "நம்ம கஞ்சி ஊத்துத வண்டில்லா, சும்மா விட முடியுமா அண்ணாச்சி?" என்று என்னிடம் சொன்னார்.

முதலாளியுடைய குணம் முழுவதும் அந்த ஒரு நாளில் இருந்தது. உயர்ந்த சாமான் வாங்குவார். இருக்கிற சாமானைப் பார்க்க மாட்டார். ஆபீஸ் வாசலில் வெளிநாட்டுத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்று இருந்தது. அதற்குள் மாற்ற வேண்டிய வடிகட்டியை வாங்கிய நாளிலிருந்து மாற்றியதில்லை. அயர்னிங் செக்சனில் எல்லோரும் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தார்கள். தீயணைக்கும் சிலிண்டர்களைத் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். அதில் ஒட்டியிருந்த சீட்டில் நிரப்பிய தேதி என் மகளைவிட மூத்தது. எனக்குத் தேதி பார்க்கிற பழக்கம் உண்டு என்பதால் அதைக் காட்டினேன்.

"தேதி கெடக்குதுங்க சார். சிலிண்டர் எந்த நாட்டுதுன்னு பாருங்க" என்றார்.

பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு வெளிநாட்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தார். கதவு பிசகியிருந்ததால் அது பொருந்தாது. உள்ளே போகிறவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கும் அதே மாடல் கார், அதே வருஷத்து வண்டி. இரண்டு கார்களுக்கும் பல்லடம் ரோட்டில் கடை வைத்திருந்த பழனிச்சாமிதான் மெக்கானிக். குறைவாகப் பேசுகிறவர். 2006 தொடக்கத்தில் என் வண்டிக்கு நான்கு ஹோஸும் புது ரப்பர் போட்டு, பழைய பிரேக் ஆயிலை முழுவதும் இறக்கிப் புதிதாக ஊற்றி, காற்றை எடுத்துக் கொடுத்திருந்தார். அன்று பார்த்து முதலாளியும் தன் காரில் வந்து சேர்ந்தார். என் காரைப் பார்த்து, "இன்னும் ரப்பர்தானுங்களா சார்? படிச்சவுங்க நீங்களே இப்படி இருந்தா எப்படிங்க?" என்றார்.

பழனிச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, உங்க வண்டிப் பெடலு கண்ணை மூடிட்டு மிதிச்சாக்கூடத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தூக்கத்துல மிதிச்சாக்கூடத் தெரியும்."

கடையில் கை துடைக்க, பனியன் துணி வெட்டியதில் மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் மூட்டை இருக்கும். அதிலிருந்து ஒரு நீளத் துண்டை எடுத்து அவர் கண்ணைக் கட்டினார் பழனிச்சாமி. இரண்டு சீட்டிலும் ஒரே மாதிரிச் சாக்கு விரித்தார். அவர் காரிலிருந்த மல்லிகை சென்ட் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தார். அவரை இரண்டு சுற்றுச் சுற்றவிட்டு ஒரு காரில் உட்கார வைத்தார். இஞ்சின் ஓடியது. மிதித்தார். இறக்கி அடுத்த காரில் உட்கார வைத்தார். மிதித்தார். முகம் மலர்ந்தது.

"இதுதானுங்க. கல்லு! முதல் வண்டி சார் வண்டி. பஞ்சு மாதிரி அமுங்குது."

கட்டை அவிழ்த்தபோது என் காரில் உட்கார்ந்திருந்தார்.

வேறொரு மனிதர் அந்த இடத்தில் சிரித்திருப்பார். இவர் இறங்கி, தன் காரைச் சுற்றி வந்து, "என் வண்டியில ஏர் பிடிச்சிருக்குது. நீங்க சரியா எடுக்குல" என்று பழனிச்சாமியிடம் சொன்னார்.

"ஆயிலே மாத்த உட மாட்டீங்கறீங்களேங்க. வாங்குனதுல இருந்து அதே ஆயிலு."

"ஓஸ் இருக்கையில ஆயிலு எதுக்குங்க?"

இந்த ஹோஸ் மாற்றுவது சாதாரணக் காருக்குப் பயன்படுமா என்று இன்றும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நான் படித்தவற்றையும் பழனிச்சாமி சொன்னதையும் சேர்த்து என் பதில் இது. பந்தயத்தில் ஓட்டுகிறவருக்கு, மலைப்பாதையில் ஓயாமல் பிரேக் போட்டு இறங்குகிறவருக்கு, கொஞ்சம் பயன் உண்டு. காதர்பேட்டைக்கும் பல்லடத்துக்கும் லாரிக்குப் பின்னால் ஊர்கிற வண்டிக்கு ஒன்றும் இல்லை. மாற்றியதும் பெடல் இறுகியதாகச் சொல்கிறார்களே என்றால், மாற்றும்போது பழைய ஹோஸும் பழைய ஆயிலும் காற்றும் போய்விடுகின்றன; புது ரப்பர் போட்டாலும் அதே இறுக்கம் கிடைத்திருக்கும். ரப்பரில் வெடிப்பு விட்டால் கண்ணுக்குத் தெரியும். "இது மேல கம்பிச் சட்டை போட்டுக்குது. உள்ள என்ன நோவுன்னு எப்படிங்க பாக்கறது?" என்பார் பழனிச்சாமி. நல்ல கம்பெனி செய்தது, அந்த வண்டிக்கென்று செய்தது என்றால் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. தேவையில்லை, அவ்வளவுதான்.

தேவையில்லாததை ஒருவர் தன் காரில் மாட்டிக்கொள்வது அவர் இஷ்டம். வேன் அப்படியல்ல. பல்லடத்துக்குத் தெற்கே உள்ள கிராமங்களிலிருந்து தினமும் காலையில் பதிமூன்று பெண்களை அந்த வேன்தான் யூனிட்டுக்கு ஏற்றிவந்தது. பொழுது சாயும்போது கொண்டுபோய் விட்டது. சேவியர் அந்தப் பெண்களை ஒவ்வொருவராக இறக்கி, அவரவர் வீட்டுச் சந்துக்குள் போகிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அதனாலேயே அந்தக் கிராமங்களில் பெண்களை அந்த யூனிட்டுக்கு வேலைக்கு விட்டார்கள்.

2006 ஜூலையில் நான் யூனிட்டில் பீஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது சேவியர் முதலாளி முன்னால் வந்து நின்றார்.

"மொதலாளி, வேன்ல முன்னாடி ரெண்டு பக்கமும் ஓஸ் வெடிச்சுக் கெடக்கு. ரப்பர் ஓஸ் ரெண்டு வாங்கித் தந்தா நானே மாட்டிருவேன்."

"ரப்பரா?" சோற்றில் முடி கிடந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "எங்க வண்டியில ரப்பர் ஏறாது சேவியர்."

"இப்பம் இருக்கதும் ரப்பர்தான மொதலாளி?"

"அதனாலதான் வெடிச்சுக் கெடக்குது."

சேவியர் என்னைப் பார்த்தார். நான் பனியனைப் பார்த்தேன். அந்த மாதத்தில் சேவியர் இதையே கேட்டதாக என் டைரியில் மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்றாவது தடவை, "மொதலாளி, பொம்பளப் புள்ளைங்க ஏறுத வண்டி. பாலத்துச் சரிவுல இறங்கும்போது எனக்கு உசிரு கையில இல்ல. நம்ம கடையிலே கெடைக்கித சாமான்தான்" என்றார். அதற்கும் அதே பதில். கஞ்சத்தனம் என்று சொன்னால் அது அவருக்குச் சலுகை. கஞ்சர் என்றாவது ஒரு நாள் வாங்கிக் கொடுத்திருப்பார். இவருக்கு எல்லாக் கடையிலும் கிடைக்கிற சாமான் என்றாலே கேவலம். தெருக்கோடிக் கடையில் கிடைக்கும் இரண்டு ரப்பர் ஹோஸ் அவருடைய கௌரவத்துக்குப் போதவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். அந்தப் பழைய வேனுக்கு அவர்கள் செய்வதில்லை.

அயர்னிங் யூனிட் நடத்துகிறவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை ஒன்று அப்போது அவருக்குத் தோன்றியது. எங்கள் ஊர் அயர்ன் பாக்ஸுக்கு பாய்லரிலிருந்து ஆவி வரும். ஒவ்வொரு டேபிளுக்கும் மேலிருந்து ஒரு ஹோஸ் தொங்கும். அதற்கும் மேலே எஃகுக் கம்பிப் பின்னல்தான். பார்வைக்கு அவர் காரில் மாட்டிய ஹோஸ் போலவே இருக்கும். இருபது வருஷமாக அதைப் பார்த்துப் பழகிய கண். பாய்லர் ஆவியையே தாங்குகிறது, எண்ணெயைத் தாங்காதா என்று நினைத்திருக்கிறார். ஆவியில் சூடு அதிகம், அழுத்தம் குறைவு. பிரேக்கில் அழுத்தம் அதைப் போலப் பல மடங்கு. அயர்ன் டேபிளில் முனை கழன்றால் புஸ்ஸென்று ஆவி வரும், வால்வை மூடிவிட்டு டீ குடிக்கலாம். வேனில் கழன்றால் அப்படியில்லை.

ஆகஸ்ட் 14 அன்று நான் போனபோது அவர் வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். யாரையும் தொடவிடாமல் தானே மாட்டியிருந்தார். வேட்டியெல்லாம் எண்ணெய். சக்கரம் திரும்பியிருந்தது, உள்ளே ஹோஸ் பளபளத்தது.

"எப்படிங்க சார்? இம்போர்ட்டடு தோத்துப் போகோணும்."

சேவியர் பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றார். நான் குனிந்து பார்த்தேன். அது என்ன ஹோஸ் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் அந்த ஹோஸ்களுக்குக் கீழே நின்று பீஸ் பார்க்கிறவன். "பிரமாதமுங்க" என்று சொன்னேன்.

அன்று மாலை பழனிச்சாமி கடைக்குப் போய் இதைச் சொல்லிச் சிரித்தேன். அதற்காகவே போனேன் என்பதுதான் சரி. ஒரு வருஷமாக அவரைப் பற்றி இப்படித்தான் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தேன்: பாதிரியார் மிதித்தது, ஐயர் கற்பூரம் காட்டியது, கண்ணைக் கட்டிக்கொண்டு என் காரில் உட்கார்ந்தது. இது அந்தச் சேகரிப்பில் இன்னொன்று.

பழனிச்சாமி சிரிக்கவில்லை. "சிரிக்கறதுக்கு இல்லீங்க சார் இது. மறுக்காப் போனீங்கன்னா சொல்லிப் போடுங்க. நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு. க்யூசி சொன்னா கேப்பாரு."

"சொல்றேனுங்க" என்றேன். மறுநாள் சுதந்திர தினம், லீவு. அடுத்த நாள் வேறு யூனிட். அப்படியே போயிற்று.

செப்டம்பர் 6, புதன்கிழமை காலை, நொய்யல் பாலத்துக்கு இறங்குகிற சரிவில் முன்னால் போன மாட்டு வண்டி நின்றது. சேவியர் பிரேக்கை அழுத்தி மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது. பின் சக்கர பிரேக் கொஞ்சம் பிடித்தது, போதவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, மாட்டு வண்டியை ஒதுக்கி, ஓரத்தில் ஒரு குடோன் வாசலில் அடுக்கியிருந்த பனியன் வேஸ்ட் மூட்டைகளைப் பார்த்து வண்டியைத் திருப்பினார். அந்த ஊரில் மோதுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பதிமூன்று பேரும் பிழைத்தார்கள். முன்சீட்டில் இருந்த மரகதத்துக்கு மட்டும் வலது மணிக்கட்டு முறிந்தது. அயர்ன் டேபிளில் நின்ற சில பெண்களில் அவர் ஒருவர்.

நான் ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்ஷனுக்குப் போனபோது யூனிட் வாசலில் கூட்டம். முதலாளி நடுவில் நின்றார். சேவியரின் சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"காலங்காத்தாலேயே ஊத்திட்டு வந்துக்குறான். இல்லீன்னா எப்படிங்க? என் பிரேக்கு கல்லு. கல்லு எப்படிங்க ஏமாத்தும்?"

"மொதலாளி, நான் ஊத்தல. வேணும்னா போலீஸைக் கூப்பிடுங்க, ஊதிக் காட்டுதேன். ஓஸ் கழண்டுட்டு. கீழ பாருங்க, ஆயில் கெடக்கு."

"ஓஸ் கழலாது. கையாலே நான் மாட்டுனது."

சேவியர் என் பக்கம் திரும்பினார். "க்யூசி சார் அன்னைக்கு நின்னாருல்லா. அவரு எல்லாத்தையும் எழுதி வைக்கவரு. அண்ணாச்சி, அது என்ன ஓஸுன்னு நீங்க பாத்தியளே, சொல்லுங்க."

பேக்கிங் செக்சனிலிருந்து எல்லோரும் வந்து நின்றார்கள். டைரி என் பையில்தான் இருந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும்: தெரிந்தும் ஏன் மூன்று வாரம் பேசாமல் இருந்தீர்கள்?

"நான் பீஸைத்தான் எழுதுவேன். வண்டியை எழுதறதில்ல" என்று சொன்னேன்.

சேவியர் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். பிறகு, "சரி அண்ணாச்சி" என்றார். திட்டியிருக்கலாம்.

ஒரு யூனிட்டில் குடிகாரன் என்று சொன்னால் திருப்பூரில் மதியத்துக்குள் எல்லா யூனிட்டுக்கும் தெரிந்துவிடும். சேவியர் கேட்டுப்போன ஆறேழு இடத்திலும் வேலை இல்லை என்றார்கள். மாத முடிவில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினார்.

விபத்து நடந்த அன்று சாயங்காலமே வேன் பழனிச்சாமி கடைக்கு வந்தது. "ரப்பரே போட்டு உடுங்க" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். சேவியர் கேட்ட அதே சாமான், தெருக்கோடிக் கடையில் வாங்கியது. கால் மணி நேர வேலை. கழற்றிய ஹோஸ்களை ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். "முனை உருவிட்டு வந்திருந்துச்சுங்க. ஒரு பக்கம் கம்பி கருத்த மாதிரி இருந்துச்சு. புதுசு மாதிரித் தெரியில. ஆனா சாயந்தர வெளிச்சம், உறுதியாச் சொல்ல மாட்டேன்" என்றார் பழனிச்சாமி.

2009இல் வீடு மாற்றும்போது பழைய நோட்டுகளைத் தேதிப்படி அடுக்கினேன். டைரியையும் ரிப்போர்ட் நோட்டையும் அதுவரை நான் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை. ஆகஸ்ட் 14ஆம் தேதி ரிப்போர்ட்டில், அந்த யூனிட் பற்றி, என் கையெழுத்தில் ஒரு வரி: "ஏழாம் டேபிள் ஓடவில்லை. ஹோஸ் இல்லை. பீஸ் தாமதம்."

முதலாளி அதற்குள் யூனிட்டை விற்றுவிட்டு, கொமரலிங்கத்தில் ஆற்றோரம் தோட்டம் வாங்கிக் குடிபோயிருந்தார். இரண்டு பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் புதுக் கார் நின்றது. "வாங்க சார், வாங்க. மொதல்ல இதை மிதிங்க" என்றார். மிதித்தேன். மூன்று வருஷம் கழித்தும் மிதித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பிறகு தாள்களைக் காட்டி, வேனுக்குப் போட்ட இரண்டு துண்டும் ஏழாம் டேபிளின் நீள ஹோஸை வெட்டி எடுத்ததா என்று கேட்டேன். அவர் தாளைக் கையில் வாங்கவில்லை.

"எங்கிருந்து எடுத்தா இப்ப என்னங்க சார்? மாட்டுன அன்னைக்கு நீங்களும்தானே பாத்தீங்க. பிரமாதம்னு சொன்னீங்களா இல்லீங்களா?"

சொன்னேன்தான். அவர் மீது எனக்கிருந்த இளப்பம் அன்று ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

வள்ளியூர் முகவரிக்கு இரண்டு பக்கங்களின் நகலையும், சேவியர் குடித்திருக்கவில்லை, ஹோஸ்தான் கழன்றது, அது அயர்ன் டேபிள் ஹோஸ் என்று எனக்கு முன்பே தெரியும் என்று கையெழுத்திட்ட கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். யாரோ வாங்கிக்கொண்டதாக ரசீது வந்தது. கையெழுத்து சேவியருடையதா என்று தெரியவில்லை. பதில் இல்லை.

மரகதத்தையும் போய்ப் பார்த்தேன். மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. அயர்ன் பாக்ஸைத் தூக்க முடியாததால் இன்னொரு யூனிட்டில் பிசிறு வெட்டுகிற வேலையில் இருந்தார். ஏழாம் டேபிளில் அப்போது யார் நின்றது என்று கேட்டேன்.

"நாந்தானுங்க. அந்த வாரம் வந்து பாத்தா ஓஸைக் காணோம். ஓஸ் வரட்டும், அதுவரைக்கும் செக்கிங்ல நில்லுன்னு சொன்னாங்க. எங்க போச்சுன்னு யாரு சொல்றாங்க நம்மகிட்ட? ஏனுங்க சார், இப்பக் கெடைச்சிருச்சுங்களா?"

ஏழாம் டேபிள் ஹோஸ் காணாமல் போனதும், வேனில் ஹோஸ் ஏறியதும் ஒரே வாரம் என்பதற்கு என் இரண்டு நோட்டுகளும் மரகதமும் சாட்சி. வேனில் ஏறியது அதே ஹோஸ்தானா என்பதற்குச் சாட்சி இல்லை. கழற்றிய ஹோஸ் கிடைக்கவில்லை. இன்றுவரை உறுதிப்படவில்லை.